கொம்பு இடம் மாறிய படம்

போன சனிக்கிழமை காலைக் காட்சியில் ஒரு மனிதர் தப்பான இடத்தில் சிரித்தார். பக்கத்து நாற்காலியில் நான் இருந்தேன். எனக்கு அழுகைதான் வந்தது.

வழக்கமாக இந்தப் பக்கத்தில் என் வீட்டு மிக்ஸியையோ, கோலசிலாங்கூர் டிராபிக்கையோ திட்டிக்கொண்டிருப்பேன். நீங்களும் சிரித்துவிட்டு அடுத்த பக்கம் போவீர்கள். இந்த வாரம் அதற்கு வழியில்லை, மன்னியுங்கள்.

சிரித்தவர் என் அக்கா வீட்டுக்காரர். நான் மாமா என்று கூப்பிடுகிறவர். பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டத்தில் செம்பனை எண்ணெய் மில்லில் வேலை. ஆயுள் முழுக்க பாய்லர் பக்கத்திலேயே நின்றதில் இரண்டு காதும் போய்விட்டது. காதுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள். “காதுக்குள்ள மறுபடியும் மில்லு ஓடுது” என்று கழற்றி வைத்துவிட்டார்.

அன்று ஓடிய படம் அவருடைய மகள் தேன்மொழி எடுத்தது. வார நாளில் புஞ்சாக் ஆலாமில் ஆபீஸ் வேலை, வாரக் கடைசியில் கேமராவும் கையுமாகத் தோட்டத்து லயங்களில், வரிசை வீடுகளில், அலைச்சல். நடித்தவர்கள் எல்லாம் அக்கம்பக்கத்து ஆட்கள்தான். கதை என்ன? காது கேட்காத ஓர் அப்பா, ஒரு மகள். வேறு என்ன கதை அவளுக்குத் தெரியும்?

காது கேட்காதவர் இருக்கிற வீட்டில் எல்லாமே கத்தல்தான். ‘சாப்பிட வாங்க’ — கத்தல். ‘மாத்திரை போட்டீங்களா’ — கத்தல். ‘கரண்ட் பில் வந்திருக்கு’ — அதுவும் கத்தல். சரி, ‘உங்களை நினைச்சா எனக்கு மனசு உருகுதுப்பா’ என்பதைக் கத்திச் சொல்ல முடியுமா? முயன்று பாருங்கள். அடுத்த வீட்டுக்காரர் சண்டையென்று எட்டிப் பார்ப்பார்.

தேன்மொழிக்கு அந்த மாதிரி ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. படத்தின் கடைசிப் பகுதியில் மகள் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுவாள். “உங்க காதக் குடுத்துத்தான் என்னைப் படிக்க வச்சீங்க. எனக்குத் தெரியும்பா. என் மேல கோபமா இருந்த நேரத்துலகூட ஒருநாளும் அதச் சொல்லிக் காட்டுனதில்ல...” இப்படிப் போகும். அதை மாமா படிக்க வேண்டும். அதற்காகத்தான் படமே.

“எழுதிக் குடுத்துடலாமே கண்ணு?” என்று கேட்டேன்.

“எழுதிக் குடுத்தா கையில வாங்கிக்கிட்டு எந்திரிச்சுப் போயிருவாரு சின்னம்மா. தியேட்டர்ல இருட்டுல எங்க போவாரு?”

நியாயம்தான். ஆகவே தமிழ்ப் படத்துக்குத் தமிழிலேயே சப்டைட்டில். மாமாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும், தோட்டப் பள்ளியில் படித்தவர். ஆனால் தோட்டத்துக்குப் பேப்பர் வருவது நின்றுபோன பிறகு, கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும்தான் அவர் கண்ணில் படுகிற தமிழ். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அதனால் ஒவ்வொரு வரியும் திரையில் சற்றுக் கூடுதலாக நிற்கும்படி தேன்மொழி பார்த்துப் பார்த்துச் செய்தாள். எழுத்துப் பிழை திருத்தியது அடியேன். ஒற்று மிகுமா மிகாதா என்று அவளோடு மல்லுக்கட்டியது தனிக்கதை.

படம் முடிந்துவிட்டது என்றால் முடிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லையாம். தியேட்டருக்குப் போகிற படத்துக்கு வேறு சமையல் இருக்கிறதாம். படத்தைத் தனித்தனிப் படங்களாகப் பிரித்து, நிறத்தைத் தியேட்டர் புரொஜெக்டருக்கு ஏற்ப மாற்றி, சத்தத்தை ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் பங்கு போட்டு, எல்லாவற்றையும் கட்டி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக் கொடுக்க வேண்டும். அதைச் செய்து கொடுத்தது ஒரு ஸ்டூடியோ. அங்கே ஜேசன் என்றொரு பையன், தங்கமான பிள்ளை, தமிழ் மட்டும் தெரியாது.

முதலில் மலாய் சப்டைட்டிலோடு செய்தார்கள். தியேட்டரில் போட்டுப் பார்த்தார்கள். கண்ணாடி மாதிரி வந்தது. தமிழுக்கு மறுபடியும் முழுப் படத்தையும் கட்ட வேண்டாம், மலாய் வரிகளுக்குப் பதிலாகத் தமிழ் வரிகளையும் தமிழ் எழுத்துருவையும் சின்னப் பொட்டலமாக மேலே சேர்த்தால் போதும், தியேட்டர் மெஷினே திரையில் எழுதிக்கொள்ளும் என்றான் ஜேசன். “சேம் திங் லா.”

சேம் திங். இந்த இரண்டு வார்த்தையில் எத்தனை குடி முழுகியிருக்கிறது!

தேன்மொழி லேப்டாப்பில் பார்த்தாள், சரியாக இருந்தது. ஜேசன் ஸ்டூடியோ மெஷினில் பார்த்தான். எழுத்து வருகிறது, எழுத்துக்குப் பதில் வெறும் கட்டம் எதுவும் இல்லை, ஓகே என்றான். தியேட்டர்காரரும் முதல் வரி வந்ததைப் பார்த்துவிட்டு ஓகே என்றார். தமிழ் தெரிந்த ஒரு ஜீவன் அந்தப் பெரிய திரையில் அதைப் பார்க்கவில்லை. காட்சிக்கு முதல் நாள்தான் பொட்டலமே வந்து சேர்ந்தது.

சனிக்கிழமை காலை. பேரங்காடியின் மேல்மாடித் தியேட்டர். தோட்டத்து ஆட்கள் இரண்டு பஸ்ஸில் வந்திருந்தார்கள். மாமா தீபாவளிச் சட்டை போட்டிருந்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டார். காது போன பிறகு அவர் பார்க்க வருகிற முதல் தமிழ்ப் படம். விளக்கு அணைந்தது. முதல் வசனம் வந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

‘மேல’ என்று நான் திருத்திக் கொடுத்த சொல் ‘மலே’ என்று நின்றது. ‘நேரம்’, ‘நரேம்’ ஆகியிருந்தது. ‘கோ’ வர வேண்டிய இடத்தில் ‘க’ தனியாக நிற்க, அதற்குப் பின்னால் கொம்பு, ஒரு புள்ளி வட்டம், ஒரு கால். ‘கு’வில் சுழி வேறு, க வேறு. வரி வரியாக இதே கூத்து.

பிறகு விசாரித்ததில் விஷயம் இதுதான். கம்ப்யூட்டருக்குள் ‘மே’ என்பது முதலில் ‘ம’, அடுத்து கொம்பு என்றுதான் பதிவாகிறது. திரையில் காட்டும்போது கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது மெஷினின் பொறுப்பு. லேப்டாப் அதைச் செய்கிறது. அந்தத் தியேட்டர் மெஷினுக்கு ஏ-பி-சி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கத்தான் தெரியும். எழுத்து தெரியும், எழுத்துக்கூட்டத் தெரியாது.

தேன்மொழி எழுந்து ஓடினாள். நானும் பின்னால் போனேன். புரொஜெக்டர் அறையில் ஆளில்லை, இப்போதெல்லாம் படம் தானாகவே ஓடுகிறது. கீழே கவுண்டரில் இருந்த மலாய்க்காரர் பாவம், நல்ல மனிதர். நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து போட வேண்டும், அடுத்த காட்சிக்கு ஹால் வேண்டும், “தா போலே”, முடியாது என்று கையை விரித்தார். எழுத்தை எடுத்துவிடலாம், வேண்டுமா என்று கேட்டார்.

தேன்மொழி தடுத்துவிட்டாள். “இருக்கட்டும்,” என்றாள். “அரைகுறையா ஏதாச்சும் புரியும்ல, சின்னம்மா?”

புரியும் என்றேன்.

உள்ளே வந்தால் மற்றவர்கள் எல்லாரும் படத்தில் மூழ்கியிருந்தார்கள். அவர்களுக்குக் காது இருக்கிறது, கீழே ஓடுகிற எழுத்தை யார் பார்த்தார்கள்? மாமா மட்டும் நாற்காலி நுனியில் இருந்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஒரு சொல்லை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் வரி போய்விடும். அடுத்த வரியில் முதலிலிருந்து தொடங்குவார். விட்டுக்கொடுக்கவே இல்லை மனிதர்.

மகள் அப்பாவின் காலடியில் உட்காரும் காட்சி வந்தது. பின்வரிசையில் சில இளசுகள் அப்போதுதான் எழுத்தைக் கவனித்திருக்கிறார்கள். “டேய், இது என்னா பாஷைடா?” என்று ஒருவன் கேட்க, அந்த வரிசையே சிரித்தது. மாமாவுக்குச் சத்தம் கேட்காது. ஆனால் நாற்காலி அதிர்ந்ததோ என்னவோ, திரும்பிப் பார்த்தார். எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டிய இடம்போல என்று அவரும் சிரித்தார், தலையை ஆட்டி ஆட்டி, நன்றாக ரசித்தவர்போல.

தேன்மொழி அதைப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

விளக்கு போட்டதும் மாமா மகளின் தலையில் கைவைத்து, “ரொம்ப நல்லா இருந்துச்சு புள்ள,” என்றார். அவள் லேப்டாப் என்று கையால் காட்டி, “வீட்டுல இன்னொரு தடவ பாக்கலாம்பா, எழுத்து சரியா வரும்,” என்று கத்தினாள். எத்தனை தடவை கத்தியிருப்பாள்! தியேட்டர் வாசலே திரும்பிப் பார்த்தது. “அதான் பாத்துட்டேனே. எல்லாம் புரிஞ்சுச்சு,” என்றார். இன்னொரு முறை பார்ப்பதாக ஒத்துக்கொண்டால் முதல் முறை புரியவில்லை என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே. மகள் எடுத்த படம் எனக்குப் புரியவில்லை என்று எந்த அப்பா சொல்வார்?

கார் பார்க்கில் அவரை முன்சீட்டில் உட்கார வைத்தோம். தேன்மொழி ஹார்ட் டிஸ்க்கைக் காரின் பின்பக்கம் வைத்துக்கொண்டிருந்தாள். மாமா என்னைக் கிட்டே வரச் சொல்லி, ரகசியமாகக் கேட்டார். காது போனவர்களுக்குத் தங்கள் ரகசியம் எவ்வளவு சத்தம் என்று தெரியாது.

“ஏம்மா, நாங்க படிக்கிறப்ப ‘லை’க்கு யானைத் துதிக்கை மாதிரி ஒரு சுழி வச்சு எழுதுனோம். அப்புறம் அத மாத்துனாங்க. இப்ப மறுபடியும் எழுத்த மாத்திட்டாங்களா? எனக்கு யாரும் சொல்லலையே.”

காரின் பின்னால்தான் தேன்மொழி நின்றாள். அவள் கேட்டுவிட்டாள்.

கத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கைப்பையில் கிடந்த ரசீதின் பின்புறத்தில் பெரிய எழுத்தாக எழுதிக் கொடுத்தேன்: ‘எழுத்து மாறவில்லை மாமா. தியேட்டர் மெஷின் கோளாறு.’

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“பாத்தியா,” என்றார். “நீ எனக்காகப் பழைய எழுத்துலயே எழுதியிருக்கே. இது புரியுது.”

தமிழ் எழுதிப் பிழைக்கிறவள் நான்... இதற்குப் பதில் எந்த எழுத்தில் எழுதுவது?