கன்டினியூட்டி தாடி

தாடிக்குள் வேர்வை இறங்கினால் ஓர் அரிப்பு வரும் பாருங்கள்... சித்திரை வெயிலில் அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். மகள் ஜெனிக்குக் கல்யாணம் நடந்த வருஷம் நாலு மாதம் அந்த அரிப்போடு திரிந்தேன்.

பாண்டி உப்பளம் ஏரியாவில் குடோன் வேலை எனக்கு. ஊரில் ஷூட்டிங் என்றால் லீவு போட்டுவிட்டு ஓடுவேன். கான்ஸ்டபிள், போஸ்ட்மேன், கோர்ட்டில் பின்வரிசை... இருபது வருஷத்தில் ஒரு வசனம் கிடையாது. அந்தப் படத்தில்தான் முதல்முறையாக மூன்று வரி கொடுத்தார்கள். ஹீரோவின் நண்பனுக்குக் குடிகார அப்பா. தாடி வளர்க்கச் சொன்னார்கள், வளர்த்தேன்.

ஒரு நாள் எடுத்தார்கள். கிளம்பும்போது மேனேஜர் வந்தார்.

"இன்னொரு நாள் வேலை இருக்குண்ணே. கன்டினியூட்டி முக்கியம். நாங்க கூப்புடற வரைக்கும் தாடில கை வெச்சிராதீங்க."

முதல் நாள் எடுத்த முகம் அடுத்த நாளும் அப்படியே இருக்கவேண்டும். இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டு எடுத்துவிடுவார்கள். சின்ன வேஷக்காரனுக்காக யார் காத்திருப்பார்கள்?

போன் வரவில்லை... கல்யாணம் வந்துவிட்டது.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் என் மனைவி ஸ்டெல்லா ஷேவிங் செட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"பொண்ணு கையப் புடிச்சி பீடத்துக்குக் கூட்டினு போற அப்பா, இந்தக் கோலத்துலயா வருவீங்க? மாப்ள வூட்ல இன்னா நெனைப்பாங்க?"

ஜெனிதான் குறுக்கே வந்தாள். "வுடும்மா. அப்பாக்கு இப்பதான் டயலாக்கே குடுத்துருக்காங்க. படம் வரட்டும், எல்லாரும் பாக்கத்தான போறாங்க."

தாடியோடுதான் மாதா கோயிலுக்குப் போனேன். அரியாங்குப்பத்துச் சம்பந்தி தனியாக அழைத்து, "உடம்பு ஏதாவது முடியலையா?" என்று மெதுவாகக் கேட்டார். ஆல்பத்தில் எந்தப் படத்தைப் பார்த்தாலும் துக்க வீட்டிலிருந்து வந்தவன் மாதிரி நிற்கிறேன்.

கடைசிவரை சினிமாக்காரர்கள் கூப்பிடவேயில்லை.

படம் வந்தது. முதல் நாளே புருஷன், மாமனார், மாமியார் எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஜெனி தியேட்டருக்கு வந்துவிட்டாள். நான் நடித்த வீடு திரையில் வந்தது. நண்பன் கதவைத் திறந்தான், சட்டையை மாற்றினான், கிளம்பிவிட்டான். அப்பா என்று ஓர் ஆளே அந்த வீட்டில் இல்லை. வெட்டிவிட்டார்கள். இனிமேலாவது வருவேன் என்று ஜெனி கடைசிவரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

வெளியே வந்ததும், "படம் நல்லாதாம்ப்பா இருந்துச்சி" என்றாள். அதற்குப் பதில் என்னைத் திட்டியிருக்கலாம்.

இப்போது எல்லாம் சுலபம். வேஷம் கேட்டுப் போனில் போட்டோ அனுப்பினால் போதும். ஒட்டுத்தாடி அசல் மாதிரியே வந்துவிட்டது, யாரையும் மாதக்கணக்கில் வளர்க்கச் சொல்வதில்லை. நானும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்... வாட்ச்மேன், நோயாளி, பிணம். அலுத்துவிட்டது. ஆனாலும் கூப்பிட்டால் போகிறேன்.

ஜெனியிடம் மட்டும் முன்கூட்டிச் சொல்வதில்லை. படம் வந்து, தனியாகப் போய்ப் பார்த்து, என் முகம் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அவளுக்குப் போன் செய்வேன்.

இந்த வருஷம் நாலு படம் பார்த்துவிட்டேன். இன்னும் போன் செய்யவில்லை.