அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை

மில்லிக்கனில் உள்ள சவக்காலைக்கு எங்கள் பக்கத்து வீட்டுச் சீனக்காரர் வந்தார். அவருடைய மகள் வந்தாள். என் மனைவி வந்தாள். நான் வந்தேன். சீனக்காரரின் மனைவி போன வருடமே அந்தச் சவக்காலைக்கு வந்து படுத்துவிட்டார்.

வசந்தத்தில் கல்லறையைக் கழுவிச் சாப்பாடு படைப்பது அவர்கள் வழக்கம். சீனக்காரர் தானே அவித்த கோழியை வைத்தார். நாங்கள் மரக்கறி றோல்ஸ் வைத்தோம். பிறகு அவர் இரண்டு காசுகளைச் சுண்டினார். ஒன்று தலையும் மற்றது பூவுமாக விழுந்தால் செத்தவர் சாப்பிட்டு முடித்துவிட்டார் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடலாம்.

இரண்டும் தலை விழுந்தன. மறுபடி சுண்டினார். இரண்டும் பூ. அவர் முகம் வாடிப்போனது. அம்மாவுக்குத் தன்மேல் கோபம் என்று அப்பா பயப்படுகிறார் என்றாள் மகள்.

“அவவுக்கு மட்டன் றோல்ஸ் எல்லோ விருப்பம்?” என்று மனைவியிடம் கேட்டேன்.

“செத்தவைக்குப் படைக்கேக்கை ஆரப்பா மச்ச மாமிசம் வைக்கிறது?”

“அப்ப உந்தக் கோழி என்ன, கத்தரிக்காயோ?”

அவள் சிரித்துக்கொண்டே காருக்குப் போனாள். வழியில் எங்களுக்கென்று வாங்கிய மட்டன் றோல்ஸ் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள்.

சீனக்காரர் சுண்டினார். ஒன்று தலை, ஒன்று பூ.

அவர் கைதட்டிச் சிரித்தார். கல்லறையைத் தட்டி ஏதோ சொன்னார். “என் சமையலை நீ என்றைக்குத்தான் மதித்தாய்” என்றாராம்.

புல்லில் அமர்ந்து எல்லாரும் சாப்பிட்டோம். மட்டன் றோல்ஸ் ஒன்றும் மிஞ்சவில்லை.

பெட்டியில் இருந்தது பன்னிரண்டு.