சங்கிலி போட்ட சக்கர நாற்காலி

காரைக்காலுக்குத் தெற்கே, சாலையோரம் ஒரு மாதா கோயில். இங்கே பக்திக்குப் பஞ்சமில்லை. பார்க்கும் பொருளிலெல்லாம் உபயதாரர் பெயர் இருக்கிறது. மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் ஒரே குடும்பம். சுவிட்சைப் போட்டால் பெயர் மறைந்துவிடும் என்பதாலோ என்னவோ, யாரும் போடுவதில்லை. வியர்த்துப்போய் வாசலுக்கு வருகிறேன்.

வாசல் தூணோடு ஒரு சக்கர நாற்காலியைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. முதுகில் 'அன்புத் தந்தைக்காக' என்பது சிறிதாகவும், மகன் பெயரும் பாரீஸும் பெரிதாகவும் இருக்கின்றன. இந்த அழகை நோட்டில் குறித்துக்கொள்கிறேன்.

மதிலோரம் கூடையை இறக்கி வைத்துவிட்டு, குங்குமம் வைத்த மீன்காரப் பெண் ஒருவர், கால் இழுக்கும் பெரியவரைத் தாங்கிக்கொண்டு வருகிறார்.

"இந்த நாற்காலியில உட்கார வைக்கலாமே?" என்கிறேன்.

"திருவிழாவுக்குத்தான் தொறப்பாங்க. போட்டோ எடுக்கணும்ல."

"நீங்களும் மாதாவைக் கும்புடுற வேதக்காரங்களா?"

"நான் மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவ. ஐயா வீட்டுக்கு மீன் குடுக்கிறேன். பூசைக்குப் போவணும்னு ஒத்தையில கெளம்பிடுறாரு, பாத்துட்டு சும்மா போவ முடியுமா?"

"இவருக்குப் பிள்ளைங்க இல்லையா?"

அந்தப் பெண் நாற்காலியின் முதுகைக் கண்ணால் காட்டுகிறார். "அவ்வளவு பெருசா எழுதியிருக்கே, படிக்கலியா?"

பெரியவர் காதில் விழாததுபோலச் சிலுவை போட்டுக்கொள்கிறார். நான் மறுபடி நோட்டைத் திறக்கிறேன்.

"எழுதி முடிச்சிட்டீங்கன்னா, அந்தப் பக்கத்துக் கையப் புடிங்க. அஞ்சு படி இருக்கு."