எழுந்து போக முடியாத இடம்

என் அப்பா ஒரு கல்லுளிமங்கன். பெற்ற மகள் இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள் வேப்பந்தட்டைப் பக்கம் எங்கள் வீட்டில் ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டு வந்து கேட்கலாம். பிடிக்காத பேச்சு எடுத்தால் கத்த மாட்டார், திட்ட மாட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு, "மோட்டார் போட்டுட்டு வரேன்" என்று எங்கள் வெங்காயக் காட்டுக்குக் கிளம்பிவிடுவார். கரண்ட் இல்லாத நேரத்தில்கூட மோட்டார் போடப் போன மனிதர் அவர்.

என் கல்யாணம் முறிந்து, கோர்ட்டில் எல்லாம் முடிந்து, நான் பிறந்த வீட்டுக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. அவன் குடித்துவிட்டு அடித்தான், நான் வந்துவிட்டேன், அவ்வளவுதான் கதை. அப்பாதான் போய் என்னைக் கூட்டி வந்தார். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை எனக்குக் கொடுத்தார், வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் பெரம்பலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். தினமும் பஸ்ஸில் போய் வந்தேன், அவர் சோளத்தையும் வெங்காயத்தையும் பார்த்துக்கொண்டார்.

அந்த நிலையத்துக்குத்தான் ஒருவர் தன் மகளைக் காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு வந்தார். மனைவி இறந்துபோனவர், அரியலூரில் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். அந்தப் பிள்ளை ஊசியைப் பார்த்து அழவில்லை, என்னையே முறைத்துக்கொண்டிருந்தது. அப்போதே எனக்கு அதைப் பிடித்துவிட்டது. அப்பனைப் பிடிக்கக் கொஞ்ச காலம் ஆனது. பிடித்த பிறகு அவர், "கல்யாணத்தப் பத்தி யோசிச்சே சொல்லுங்க. ஆனா ஆவணிக்குள்ள ஒரு முடிவு சொல்லிடுங்க. நீங்க எப்ப வருவீங்கன்னு பாப்பா கேட்டுக்கிட்டே இருக்கா" என்றார்.

சட்டப்படி எனக்கு யார் சம்மதமும் தேவையில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அப்பா வாயிலிருந்து ஒரு சம்மதம் வராமல் அந்த வீட்டுப் படி இறங்க எனக்கு மனம் வரவில்லை. கேட்டுவிடலாம் என்று நான் தொண்டையைச் செருமினாலே அவர் கை சட்டையைத் தேடும். மகள் மறுபடியும் கல்யாணம் செய்துகொள்வதை அசிங்கம் என்று நினைக்கிறார் என்றுதான் நான் முடிவு கட்டியிருந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வேறு. ஆடி பிறந்துவிட்டது.

அப்போதுதான் போனில் அந்த விளம்பரம் வந்தது. கடலில் தனிப் படகு, குடும்பத்தோடு அந்திப் பயணம். படத்தில் சூரியன் பாதி கடலுக்குள் முங்கியிருந்தது. நான் சூரியனையா பார்த்தேன்? படகைச் சுற்றி நாலா பக்கமும் தண்ணீர் இருந்ததைப் பார்த்தேன். இங்கிருந்து எங்கே எழுந்து போவார்?

அடுப்படியில் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா தோசைக் கரண்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள்.

"படகுலயும் மோட்டார் இருக்குமேடி."

"இருக்கும்மா. அத போடுறது வேற ஆளு."

அம்மாவுக்குப் படகில் போக ஆசை என்று அப்பாவிடம் ஒரு பொய் சொன்னேன். தண்ணீரைக் கண்டாலே தலை சுற்றும் என்கிறவள், பாவம், எனக்காக அந்தப் பொய்யைத் தலையில் சுமந்தாள். வாடகைக் காரில் கிளம்பினோம். கங்கைகொண்ட சோழபுரம் வந்ததும் கோயிலில் இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்றாள். பொழுது சாய்ந்துவிடும் என்று நான் தடுத்துவிட்டேன். சிதம்பரம் தாண்டும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு சின்ன மீனவ ஊர். படகுக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். எங்கள் மூவருக்கும் மிதவைச் சட்டை மாட்டிவிட்டார். வெள்ளைச் சட்டைக்கு மேல் அந்த ஆரஞ்சுச் சட்டையில் அப்பா வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

முகத்துவாரத்தைத் தாண்டியதும் அலை தூக்கிப் போட்டது. அம்மா கண்ணை மூடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போய்ப் படகுக்காரர் எஞ்சினை நிறுத்தினார். "இங்கேருந்து பாத்தா நல்லா தெரியும்ங்க" என்று நாங்கள் வந்த கரையைக் காட்டினார்.

அப்பா கடலைப் பார்த்தார், திரும்பிக் கரையைப் பார்த்தார்.

"சூரியன் கடல்ல முங்கும்னியே பாப்பா. கடல் கெழக்கால்ல இருக்கு? இது நம்மூரு பக்கம்ல அடையுது?"

உண்மைதான். தென்னை மரங்களுக்குப் பின்னால், நாங்கள் புறப்பட்டு வந்த திசையில்தான் அது இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டு மாடியில் நின்று பார்த்திருக்க வேண்டியதை இவ்வளவு தூரம் வந்து பார்க்கிறோம். அந்தப் படத்தை எந்த ஊர்க் கடலில் எடுத்தார்களோ. வேறு நாளாக இருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். இப்போது விட்டால் இனிமேல் இல்லை என்று தோன்றியது.

"அப்பா, எனக்கு ஒருத்தரப் புடிச்சிருக்கு" என்று ஆரம்பித்தேன்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். கடை, இறந்துபோன மனைவி, அந்தப் பிள்ளை, ஆவணி. சொல்லி முடிப்பதற்குள் அப்பா எழுந்துவிட்டார். பழக்கம்! படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"ஐயா, நிக்காதீங்க, உக்காருங்க" என்றார் படகுக்காரர்.

அப்பா உட்கார்ந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சூரியனும் இல்லாத ஒன்றும் இல்லாத கடலைப் பார்த்து உட்கார்ந்தார். "எஞ்சினப் போடுப்பா. கரைக்குப் போவோம்."

படகுக்காரர் எஞ்சினை இழுத்துக் கிளப்பும் கயிற்றில் கை வைத்தார். அதுவரை கண்ணைத் திறக்காத அம்மா திறந்தாள்.

"போடாதீங்க தம்பி. புள்ள கேட்டதுக்கு இவரு பதில் சொல்லட்டும், அப்புறம் போவோம்."

அப்பா பேச்சுக்கு அம்மா எதிர்ப்பேச்சு பேசி அன்றுதான் கேட்டேன். அப்பாவுக்கும் புதிதாக இருந்திருக்க வேண்டும், திரும்பி அவளைப் பார்த்தார். படகுக்காரர் கயிற்றை விட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அவருக்கும் வீட்டில் ஆட்கள் இருப்பார்கள்.

பேசாமல் இருக்கிற மனிதரோடு இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும் என நினைத்திருந்தேன். வீட்டில் அவர் போய்விடுவார், முகம் கண்ணில் படாது. பேசாமல் இருக்கும்போது அந்த முகம் என்ன பாடுபடுகிறது என்று அன்றுதான் பார்த்தேன். தாடை அசைந்துகொண்டே இருந்தது.

"அந்தப் புள்ளைக்கு என்ன வயசு?" என்றார்.

"ஏழு."

மறுபடி கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அசிங்கம்னு நெனக்கிறீங்கன்னா அத வாயத் தொறந்து சொல்லிடுங்கப்பா. மோட்டார் போடப் போறேன்னு ஓடாதீங்க."

"அசிங்கமா? யாருக்கு?" நிஜமாகவே புரியாமல் கேட்டார். பிறகு அந்த மிதவைச் சட்டையின் பட்டையைப் பிடித்துக்கொண்டு பேசினார். "மொத தடவ மாப்ள வீட்டுக்காரங்க வந்து உக்காந்திருந்தப்ப நீ உள்ள காப்பி ஆத்திக்கிட்டிருந்த. உன்ன ஒரு வார்த்த கேக்கல. நானாதான் சரின்னுட்டேன். அந்த வாயி இன்னொரு தடவ சரின்னு சொல்லி, இதுவும் அப்படி ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்? அதுக்கு பயந்துதான், கல்யாணப் பேச்சுன்னு தோணுனாலே எந்திரிச்சுப் போனேன்."

அம்மா அழுதாள். நான் அழவில்லை. இத்தனை வருஷமும் யார் மேல் கோபப்பட்டேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். காட்டுக்குப் போய் அந்த மோட்டார் கொட்டகையில் தனியாக உட்கார்ந்திருந்த மனிதரை நினைத்தேன். எனக்கு அவரை அவ்வளவு பிடித்தது அந்த நேரத்தில்.

"என்னைக் கேக்காத பாப்பா" என்றார். "நீ சொல்லு. உனக்குச் சரியா?"

அப்பா வேண்டாம் என்றால் என்ன சொல்ல வேண்டும், ஊரைக் காட்டிப் பேசினால் என்ன சொல்ல வேண்டும், அம்மாவைத் திட்டினால் என்ன சொல்ல வேண்டும் என்றெல்லாம் பேச்சைத் தயார் செய்து வந்திருந்தேன். என்னைக் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து வரவில்லை. அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"சரிப்பா" என்றேன். குரல் பாதிதான் வந்தது.

அப்பா என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"கேக்கல. சத்தமா சொல்லு."

சொன்னேன்.