பூசணி மூடிய குழி

லஸ் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் வெரோனிகா என்றால் காய்கறிதான். பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவள் தையல் சொல்லிக்கொடுத்தது யாருக்கு ஞாபகம்? அவள் கொல்லை அவரைக்காயைத்தான் எல்லாரும் பேசுவார்கள்.

அந்தக் கொல்லையில் புருஷன் காஸ்பர் செய்துவைத்தது ஒன்றே ஒன்று, டிரெஞ்சு. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய வருஷம், பதுங்குவதற்காகக் கழுத்தளவு வெட்டிய குழி. ஓடினவர்கள் திரும்பி வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியும் குழி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"இன்னும் இன்னாத்துக்குங்க அத தொறந்து வச்சிக்கினு கீறீங்க?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"வெட்டச் சொன்னவங்க மூடவும் சொல்லட்டும்" என்றார் காஸ்பர். சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டையரானவர், உத்தரவில்லாமல் தும்மக்கூட மாட்டார்.

சரி, இடமாவது வீணாகாமல் இருக்கட்டும் என்று இவள் செய்த காரியம் இருக்கிறதே! குழியோரம் பூசணி ஊன்றி, குறுக்கே மூங்கில் குச்சிகள் போட்டுக் கொடியை ஏற்றிவிட்டாள். இலை மூடிய பிறகு எது தரை, எது குழி என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். காஸ்பருக்கோ இரண்டு கண்ணிலும் புரை.

ஐப்பசியில் அடித்த புயல் அவரைப் பந்தலைச் சாய்த்தது, பக்கத்து வேலியைப் பிய்த்தெறிந்தது, குழியை விளிம்புவரை நிரப்பியது. காற்று ஓய்ந்த காலையில், கொல்லைப் பக்கம் காலே வைக்கக் கூடாது என்று புருஷனிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் பூசைக்குப் போனாள். திரும்பி வந்தால் வீட்டில் ஆளில்லை. கூப்பிட்டுக்கொண்டே கொல்லைக்கு ஓடினாள்.

குச்சிகளைக் காணோம். இலைகள் தண்ணீர்மேல் படுத்துக் கிடந்தன. நடுவே காஸ்பரின் செருப்பு ஒன்று மிதந்தது.

வெரோனிகாவுக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் மாதாவே என்று குதித்துவிட்டாள். சேறு கணுக்காலைப் பிடித்தது, கொடி தொடையைச் சுற்றியது. இலைகளுக்கடியில் கையால் துழாவினாள். கனமாக, உருண்டையாக, சில்லென்று ஏதோ தட்டுப்பட்டது. தலை! இரண்டு கையாலும் பற்றி மேலே இழுத்தாள். பூசணிக்காய். அதை வீசிவிட்டு மறுபடி துழாவினாள். தேடுகிறாளே தவிர, கிடைத்துவிடக் கூடாதே என்றுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"வெரோனி, அங்க இன்னா பண்ற?"

வேலி போன இடைவெளியில் காஸ்பர் நின்றார், தோளில் மூங்கில். பந்தலுக்கு முட்டுக் கொடுக்கப் பக்கத்து வீட்டு ஜவுளிக்கடை வைரவனிடம் வாங்கி வந்தாராம். ஒரு கால் வெறுங்கால். வேட்டி தொடைவரை சேறு. குழியில் கால் சறுக்கித் தப்பிப் பிழைத்தவர் வாயே திறக்காமல் மூங்கிலுக்குப் போயிருக்கிறார்.

மூங்கிலை நீட்டி அவளைக் கரையேற்றினார். அவருடைய வெறுங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள், விடவேயில்லை. காஸ்பர் குழியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு போய் மண்வெட்டி எடுத்து வந்தார்.

மூட மண் வேண்டுமே. குழியில் எடுத்த மண்ணைக் கொட்டித்தான் அவள் பாத்திகளே போட்டிருந்தாள். மற்றதெல்லாம் கரைந்துபோய், கத்தரிப் பாத்தி ஒன்றுதான் புயலுக்குத் தப்பிப் பூவும் பிஞ்சுமாக நின்றது. காஸ்பர் அதன் முன்னால் தயங்கினார்.

"வெட்டுங்க" என்றாள்.

அவர் கை எழவில்லை. மண்வெட்டியை வாங்கி, முதல் வெட்டை அவளே வெட்டினாள்.