செவ்வாய்க்கிழமை சோற்றுச்சட்டி

சின்னவளே, போன வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் என்னிடம் சண்டைக்கு வந்தாய். "உங்கப்பன் தண்ணி கேன் போட வந்தா எங்க ஊட்டுச் சோத்துச்சட்டியத் தெறந்து தெறந்து பாக்கறாரு" என்று உன் கூட்டாளி எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தாளாம். நீ அழுதாய். பெரியவன், "ஏம்ப்பா இப்படிப் பண்றீங்க, மானம் போகுது" என்றான். அன்றைக்கு நான் ஆட்டோவைக் கழுவப் போய்விட்டேன். முகம் பார்த்துச் சொல்ல எனக்கு வராது. அதனால்தான் இந்த நோட்டில் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் நான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போடப் போய், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று சுற்றி, முதுகு போய், நான் ஊர் திரும்பிய சமயம் அது. மினி ஆட்டோ வாங்கித் தண்ணி கேன் போட ஆரம்பித்திருந்தேன். உங்கள் அம்மா அப்போதும் ஆஸ்பத்திரியில் நர்ஸ்தான். அறுபது வயது தாண்டிய பொம்பளைகள் கால் புண் சீழ் பிடித்த பிறகுதான் அங்கே வருவார்கள். டாக்டர் கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவார்கள். மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விடுவார்கள். வீட்டுக்கு வந்து அம்மா அதையே சொல்லிக்கொண்டிருப்பாள்.

"அவிங்களுக்கு மாத்திரை பத்தாம இல்லீங்க. பக்கத்துல ஒக்காந்து கேக்கறதுக்குத்தான் ஆளில்லைங்க."

தறி வீதியில் ஒரு கொட்டாய் காலியாகக் கிடந்தது. தறிகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். தரையில் போல்ட் இருந்த ஓட்டைகள் மட்டும் வரிசையாக இருக்கும். புதன்கிழமை அம்மாவுக்கு வார விடுமுறை. அந்த வீதியில் சர்க்கரை வியாதி இருந்த வயதான பொம்பளைகளை, புதன்தோறும் காலை பத்து மணிக்கு அங்கே வரச் சொன்னாள். ஒன்பது பேர் வந்தார்கள்.

முதல் மாதம் அவள் ஊசி, மெஷின் எதையும் எடுத்துப் போகவில்லை. மூன்று கேள்விதான் கேட்டாள். ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள்? நேற்று என்ன சாப்பிட்டீர்கள், உட்கார்ந்து சாப்பிட்டீர்களா நின்றுகொண்டா? நேற்று யாரோடு பேசினீர்கள்? மூன்றாவது கேள்விக்குச் சிரித்தார்கள். ஒரு அம்மா மட்டும், "டிவி பொட்டியோட" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதைத் தின்னாதே, இதைத் தின்னாதே என்று உங்கள் அம்மா யாருக்கும் சொன்னதில்லை. "தின்னுட்டுப் போங்க, கூட ஒரு கைப்பிடி கீரை சேத்துக்குங்க" என்பாள். பிறகு ஒரு பிளாஸ்டிக் டப்பில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் வைத்து, ஒவ்வொருவர் காலையும் கழுவி, விரல் இடுக்கெல்லாம் பார்ப்பாள். சர்க்கரை இருந்தால் காலில் முள் குத்தினாலும் தெரியாது. முதல் நாள் யாரும் காலை நீட்டவில்லை.

"படிச்ச புள்ள எங்க காலத் தொடறதா? பாவஞ் சேந்துக்கும் சாமி."

"எங்கம்மா காலப் பாக்க எனக்குக் குடுத்து வெக்கலீங்க பெரியம்மா. நீங்க நீட்டுங்க."

கடைசி வீட்டுப் பெரியம்மாதான் முதலில் நீட்டினார். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். வீட்டுக்காரர் போய்ப் பத்தொன்பது வருஷம். மகன் ரிக்கில் வடக்கே இருந்தான். தனியாகத்தான் இருந்தார். நல்ல உயரம், குரலும் பெரிசு. ஆட்டையாம்பட்டி முறுக்கு என்றால் உயிர். "நான் செத்தா வாய்க்கரிசிக்குப் பதிலா முறுக்கப் போடுங்கடி" என்று சொல்லிச் சிரிக்க வைப்பார்.

மூன்று நான்கு மாதம் போனதும் அம்மா சர்க்கரை பார்க்கும் மெஷின் வாங்கினாள். விரலில் குத்தி, எண்ணைச் சத்தமாகச் சொல்லுவாள். போன வாரத்தைவிடக் குறைந்திருந்தால் எல்லோரும் கை தட்டுவார்கள். ஒரு நாள், குறைந்தவர்களுக்கெல்லாம் ஒரு முழம் மல்லிகைப் பூ கொடுக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. பஸ் ஸ்டாண்டில் பூ வாங்கி வருவது என் வேலை.

அந்த ஒன்பது பேரில் ஆறு பேர் தாலி இல்லாதவர்கள். நம் பக்கம் அவர்களுக்கு யார் பூ கொடுப்பார்கள்? கல்யாண வீட்டில் பூத்தட்டு அவர்கள் அருகில் வந்தால் நகர்ந்துவிடும். அம்மா அதெல்லாம் பார்க்கவில்லை. குறைந்தால் பூ, அவ்வளவுதான். முதல் தடவை கடைசி வீட்டுப் பெரியம்மா கையில் பூவை வைத்தபோது நான் வாசலில் நின்றிருந்தேன். அவர் அதைத் தலையில் வைக்கவில்லை, திருப்பியும் தரவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த வாயாடி அத்தை, "என்னடி, பூவுக்கு வெலை கேக்கறயா?" என்று சொல்லி, பிடுங்கி அவர் கொண்டையில் சொருகிவிட்டார். அந்த அத்தைதான் உன் கூட்டாளியின் அப்பாவைப் பெற்றவர், சின்னவளே.

கொட்டாயை விட்டு வெளியே வரும்போது பெரியம்மா அந்தப் பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வீதியில் யாராவது பார்த்துவிடுவார்களே. அந்த ஒரு மணி நேரம்தான் பூ தலையில் இருக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்காக அவர் வாரம் பூராவும் காத்திருந்தார் என்று எனக்கு இப்போது தெரிகிறது.

கேன் போடுவது செவ்வாய்க்கிழமை. அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வீட்டில் கேனை இறக்கி, பழைய கேனை எடுத்துக்கொண்டு திரும்பினேன். மதியம் பன்னிரண்டு இருக்கும். அடுப்பு எரியவில்லை.

"ஏம்பெரியம்மா, சமையல் இல்லீங்களா?"

கிட்டே வந்து, ரகசியம் மாதிரி சொன்னார்.

"நாளைக்குப் பூ எனக்குத்தான் சாமி. இன்னைக்குப் பூராப் பச்சைத்தண்ணிதான். உன்ற ஊட்டுக்காரிகிட்டச் சொல்லீறாத."

"மாத்திரை?"

"அது போட்டுட்டேன். மாத்திரை மட்டும் தவறக்கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லிருக்குதல்ல?"

நான் சிரித்தேன். பிள்ளைகளே, நான் சிரித்தேன். "அப்பச் சரி, உங்களுக்குன்னு ரெண்டு மொழமா வாங்கியாரேன்" என்று வேறு சொன்னேன். வயசானவர் குழந்தை மாதிரி பூவுக்கு ஆசைப்படுகிறார் என்றுதான் எனக்குப் பட்டது. நர்ஸைக் கட்டி அத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவன், சாப்பிடாமல் அந்த மாத்திரை போடக்கூடாது என்று அவள் சொல்லி நூறு தடவை காதால் கேட்டவன், சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கேன் போடப் போனேன்.

புதன்கிழமை பத்து மணிக்கு எட்டுப் பேர்தான் இருந்தார்கள். எப்போதும் முதல் ஆளாக வருகிறவரைக் காணோம். அம்மா பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், பின்னால் நானும் ஓடினேன். கதவு சாத்தியிருந்தது, தாழ் இல்லை. சமையல்கட்டு நிலைப்படி ஓரம் கிடந்தார். உடம்பெல்லாம் வியர்வை, சேலை நனைந்திருந்தது. மூச்சு மட்டும் இருந்தது. அம்மா விரலில் குத்தினாள். மெஷினில் எண்ணே வரவில்லை. எண்ணில் காட்ட முடியாத அளவுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது என்றாள். சர்க்கரையை விரலில் தொட்டுக் கன்னத்துக்கு உள்ளே தடவினாள். தடவத் தடவ, "பெரியம்மா, பெரியம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். என் கையில் இரண்டு முழம் பூ. எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தின நாள் நான் இறக்கிய கேன் மேலேயே வைத்தேன். கேனில் கால்வாசிக்கு மேல் குறைந்திருந்தது.

ஆம்புலன்ஸ் வந்து சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். நான்கு நாள் இருந்தார், கண் திறக்கவே இல்லை. மகன் வந்து சேர்ந்த அன்றைக்கு மாலை போய்விட்டார்.

உங்கள் அம்மா அந்த மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். கண்ணு தெரியாமல் இரண்டாகப் போட்டுவிட்டாரோ, தான் சரியாகச் சொல்லவில்லையோ என்று தனக்குத்தானே பேசினாள். மற்றவர்களின் மாத்திரை அட்டையெல்லாம் வாங்கி, காலைக்குச் சிவப்பு நூல், ராத்திரிக்குக் கறுப்பு நூல் என்று கட்டிக் கொடுத்தாள். என்னிடமும் கேட்டாள்.

"ஏனுங்க, நீங்க செவ்வாக்கெழம கேன் போடப் போனீங்களே. நல்லாத்தான இருந்தாங்க?"

"நல்லாத்தான் இருந்தாங்க" என்றேன்.

ஆறு வாரம் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அவளோடு சாப்பிட்டேன், தூங்கினேன். புதன்கிழமை நிற்கவில்லை. மெஷினும் இருந்தது, பூவும் இருந்தது. நான்தான் வாங்கிக்கொண்டு போனேன்.

ஏழாவது வாரம் செவ்வாய்க்கிழமை வாயாடி அத்தை வீட்டில் கேனை இறக்கினேன். மகனும் மருமகளும் மில்லுக்குப் போயிருந்தார்கள். அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் வாயில் பேச்சே இல்லாதது எனக்கு என்னமோ மாதிரி இருந்தது. அவர் கை லேசாக நடுங்கியது. கேட்காமல் கொள்ளாமல் சமையல்கட்டுக்குள் போய்ச் சட்டியைத் திறந்தேன். கழுவிக் கவிழ்த்த சட்டி.

"காலைலிருந்து என்ன சாப்டீங்க அத்தை?"

"நாளைக்குத்தான் பாக்கறாங்களே சாமி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

டப்பாவில் இருந்த வெல்லத்தை உடைத்து வாயில் வைத்தேன். பக்கத்து வீட்டில் கஞ்சி வாங்கி, குடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். பேச்சுத் திரும்பி அவர் என்னைத் திட்ட ஆரம்பித்த பிறகு ஆட்டோவை எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வராந்தாவில் நின்றபடி உங்கள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெரியம்மா பூவுக்காகப் பட்டினி கிடந்ததை, மாத்திரை போட்டதை, என்னிடம் சொன்னதை, இரண்டு முழம் வாங்கி வருகிறேன் என்று நான் சொன்னதை.

அவள் ஒன்றுதான் கேட்டாள். "நீங்க சிரிச்சீங்களா?"

"சிரிச்சேன்."

கையிலிருந்த ட்ரேயைக் கீழே வைத்தாள். பிறகு லீவு சொல்லிவிட்டு வந்து ஆட்டோவில் ஏறினாள். நர்ஸ் உடுப்போடேயே தறி வீதியில் எட்டு வீட்டுக்கும் போய் எட்டுச் சட்டியையும் திறந்து பார்த்தாள். ஐந்து சட்டி காலி. அந்த ஐந்து பேரையும் கொட்டாய்க்குக் கூட்டிவந்து, ரவை உப்புமா கிண்டிப் போட்டு, அவர்களோடு தானும் உட்கார்ந்து சாப்பிட்டாள். அவர்கள், "உனக்கு மனசு சந்தோசமாவட்டும்னுதான் கண்ணு" என்றார்கள். "பெரியம்மாவுக்கும் அப்படித்தாங்க" என்று சொன்னவள், அதற்கு மேல் சாப்பிட முடியாமல் தட்டை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் எண்ணைச் சத்தமாகச் சொன்னதில்லை. முன்னாடியே சொல்லிவைக்காத நாளில்தான் மெஷினை எடுத்துப் போகிறாள். பூ மட்டும் நிற்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம், குறைந்தாலும் கூடினாலும், ஒரு முழம்.

என்னை அவள் மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் புதன்கிழமை என் ஆட்டோவில் அவள் வருவதில்லை. நடந்துதான் போகிறாள். பூவையும் அவளே வாங்கிக்கொள்கிறாள்.

எனக்கு மிச்சம் இருப்பது செவ்வாய்க்கிழமைதான். கேனை இறக்கியதும் சட்டியைத் திறந்து பார்ப்பேன். ஆம்பளை அடுத்தவர் வீட்டுச் சமையல்கட்டில் நுழைவது மரியாதை இல்லை என்று எனக்கும் தெரியும். உன் கூட்டாளி வீட்டு அத்தை நேற்றுகூடக் கத்தினார்.

"ஏனுங்க, தண்ணி போட வந்தவருக்குச் சட்டிக்குள்ள என்ன சோலி? மானங்கெட்ட மனுசா!"

சட்டியில் சோறு இருந்தது. மூடிவிட்டு வந்தேன்.