காலவண்டி விழுந்த தோட்டத்துல என்னைக் கத்தச் சொன்னாங்க

எழுதறது கோணல்மாணலாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க. அஞ்சாவதோட பள்ளிக்கூடத்தை விட்டவ நான். முன்னாடி நடந்தது பின்னாடி போயிரும், பாதி மறந்தும் போயிரும். ஞாபகம் இருக்கற வரைக்கும் சொல்லிப்போடறேன்.

எங்க ஊட்டு மாடியில குடியிருந்த பொம்பளைப் பிள்ளை கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை செஞ்சுது. லீவு நாள்ல சிநேகிதக்காரங்களைச் சேத்துக்கிட்டு நாடகம் போடும். மேடை நாடகம் இல்லீங்க. பேசறதை மட்டும் பிடிச்சு ஃபோன்ல விடறது. படம் கிடையாது, காதுல கேட்டுக்க வேண்டியதுதான். கதை என்னன்னா, இருநூறு வருஷம் கழிச்சுப் பொறக்கப்போற ஒரு புருஷனும் பொண்டாட்டியும் காலவண்டியில ஏறி நம்ம காலத்தைப் பாக்க வர்றாங்க. வண்டி கெட்டுப்போய் அன்னூர்ப் பக்கம் ஒரு வாழைத் தோட்டத்துல விழுந்துபோடுது. அத்தனை வருஷம் கழிச்சும் வண்டி நடுவழியில பழுதாகும்னு கேட்டதும் எனக்குக் கதைமேல ஒரு நம்பிக்கை வந்துது.

தோட்டத்துக்காரக் கிழவி வேஷம் எனக்கு. “பெரியம்மா, ஒரே ஒரு வரிதானுங்க. அவங்களைப் பாத்ததும் ‘ஐயோ, பேயி! பேயி!’ன்னு கத்திட்டு ஓடிரோணும்” என்றது பிள்ளை.

பால்காரர்கிட்டயே கதவுக்குப் பின்னால நின்னு பேசறவ நான். மாட்டேன்னுதான் சொல்லியிருக்கோணும். ஆனா உங்க குரல் வேணும்னு என்கிட்ட வந்து கேட்ட மொத ஆளு அந்தப் பிள்ளைதான். ஆசை வந்துபோச்சு.

எங்க ஊட்டுக்காரர் பேப்பரை இறக்காமலே, “உங்க பெரியம்மா கத்தறப்ப எனக்கும் சொல்லியனுப்பு கண்ணு. கல்யாணமானதுல இருந்து கேக்கோணும்னு இருக்குது” என்றார்.

நான் கத்தாம இருந்ததாலதான் நீங்க நிம்மதியாப் பேப்பர் படிக்கறீங்கன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

பதிவு பண்ற அன்னிக்கு மாடி ரூம்புல ஜன்னலுக்கெல்லாம் போர்வையைத் தொங்கவிட்டு, சத்தம் வரும்னு ஃபேனையும் நிறுத்திப்போட்டாங்க. வருங்காலத்துப் புருஷனா நடிச்சவர் பேங்க்ல வேலை செய்யறவர், தாட்டியான ஆளு, வேர்த்து ஊத்துது. பொண்டாட்டி வேஷம் மாடிப் பிள்ளைக்கே. வண்டி விழற சத்தத்துக்கு என் சமையலறைப் போசி, பாத்திரமெல்லாம் படிக்கட்டுல உருட்டோணும்னாங்க. அந்த வேலையை எங்க ஊட்டுக்காரர் கேட்டு வாங்கிக்கிட்டார். நான் வெளக்கி வெச்ச போசிமேல அவருக்கு என்ன கோவமோ, அந்த உருட்டு உருட்டினார். அண்டா நசுங்கிப்போச்சு.

பேங்க்காரர் “அம்மா, கால் போச்சே” என்று முனகினார். பிள்ளை எனக்குக் கை காட்டுச்சு. நான் வாயைத் தொறந்தேன்.

“வாங்க. தண்ணி குடிக்கறீங்களா?”

பேங்க்காரர் கால் ஒடிஞ்சு கிடக்கறதை மறந்துபோட்டு, “வேண்டாங்க, இப்பத்தான் குடிச்சுட்டு வந்தோம்” என்றார்.

“இந்த வெயில்ல எத்தனை தூரத்துல இருந்து வர்றீங்களோ. மோராச்சும் குடிங்க.”

“பரவால்லீங்க. இன்னொரு நாளைக்கு வாரோம்.”

“ஊடு தேடி வந்தவங்க வெறும் வாயோட போறதா?”

“செரீங்க, அப்ப அரை டம்ளர் குடுங்க.”

பிள்ளை தலையில கை வெச்சுக்கிச்சு. “அண்ணா! வண்டி ஒடைஞ்சு கிடக்குது. இன்னொரு நாளைக்கு எப்படி வருவீங்க?”

“அவங்க அப்படிக் கேக்கறப்ப நான் என்னம்மா பண்றது? வாய் தன்னால சொல்லுது.”

“பெரியம்மா, நீங்க பயப்படோணுங்க.”

“அடிபட்டுக் கிடக்கறவங்களப் பாத்து எதுக்கு கண்ணு பயப்படறது?”

மறுபடி எடுத்தாங்க. கண்ணை மூடிப் பாம்பை நெனச்சுக்கிட்டேன். ‘ஐயோ’ வரைக்கும் சரியாத்தான் வந்துது. அதுக்கு மேல, “பாத்துங்க, பைய எந்திரிங்க” என்று போயிருச்சு. அடுத்த தடவை வெறும் காத்துதான் வந்துது.

“எதிர்ஊட்டம்மாவைக் கேட்டுப் பாக்கலாமுங்களா?” என்றார் பேங்க்காரர், எனக்கு வலிக்காத மாதிரி.

குழாயில தண்ணி வர்ற அன்னிக்கு எதிர்ஊட்டம்மா பேசறது பக்கத்து வீதிக்கும் கேக்கும். வந்தவங்க உக்காரக்கூட இல்லை. நின்ன மேனிக்கு ஒரு கத்து. வீதி நாயெல்லாம் குலைக்குது, எங்கியோ கொழந்தை அழுவுது. “இன்னொருக்கா வேணுமாங்க?”ன்னு கேட்டாங்க. வேண்டாம்னு எல்லாரும் ஒண்ணாச் சொன்னாங்க.

நான் கீழ வந்து போசிகளைப் பொறுக்கிப் போட்டு வெளக்க உக்காந்தேன். இருந்தது ஒரு வரி, அதையும் கையில வெச்சுக்கத் தெரியலையேன்னு கண்ணு கலங்குது. எங்க ஊட்டுக்காரர் பக்கத்துல வந்து, “விடு அம்மணி. அந்தக் கத்து கத்தறவகூட யாரு குடித்தனம் பண்றது?” என்றார். ஆறுதல் சொல்றாராமா.

வெளக்க வெளக்க ஒரு ரோசனை. கிழவி கத்திட்டு ஓடிட்டா, செரி. அடுத்த காட்சியில அந்த ரெண்டு பேரும் வாழை நெழல்ல உக்காந்து நல்லாப் பேசறாங்களே, நடுவுல அவங்களை ஆரு பாத்தாங்க? நெனைக்க நெனைக்கக் கோவம் வந்துது. ஈரக் கையோட மாடியேறினேன். எல்லாரும் முறுக்குத் தின்னுட்டிருந்தாங்க. நேரா நடுவுல போய் நின்னேன்.

“ஏனுங்க கண்ணு, கத்துனவ ஓடிட்டா. கிடந்தவங்களுக்குத் தண்ணி குடுத்தது யாரு? நம்மூருல வந்து விழுந்தவங்க நாக்கு வறண்டு கிடந்தாங்கன்னா, கேக்கறவங்க நம்மளை மனுசரா மதிப்பாங்களா? அதை நாந்தான் குடுப்பேன்.”

கீழ இருந்து எங்க ஊட்டுக்காரர், “மாடியில யாரு சண்டை போடறது?”ன்னு கேக்கறார்.

பிள்ளை பேங்க்காரரைப் பாத்துது. “எனக்கும் அப்பத் தாகமாத்தான் இருந்துதுங்க” என்றார் அவர். எதிர்ஊட்டம்மா முறுக்கைக் கடிச்சுக்கிட்டே, “நான் கத்திட்டு ஓடிப்போறேன், அக்கா பொறகால வந்து மோர் குடுக்கட்டும். விழுந்தவங்க ரெண்டு பேரு, பாக்கறதுக்கும் ரெண்டு பொம்பளைங்க வேணாமா?” என்றாங்க.

உடனே எடுத்தாங்க. நான் கேட்டேன், அவர் வேண்டாம்னார், நான் விடலை. அரை டம்ளர் அப்படியே நாடகத்துல இருக்குது.

வெளிவந்ததும் எங்க ஊட்டுக்காரர் திருப்பித் திருப்பிக் கேட்டுப்போட்டு, “அந்தாளு மோரைக் குடிச்சானா இல்லியா, சத்தத்தையே காணமே” என்றார். நல்லா இருந்துதுன்னு சொல்ல அவருக்கு வாய் வராது.

வந்தவங்க இருநூறு வருஷமா முன்னூறு வருஷமா, விழுந்தது வாழைத் தோட்டமா பருத்திக் காடான்னு இப்பக் கொழப்பமா இருக்குது. மாடிப் பிள்ளையும் வேலை மாத்தி வேற ஊருக்குப் போயிருச்சு. தெரிஞ்சவங்க யாராச்சும் நாடகத்தைக் கேட்டுப் பாத்து, நான் எழுதினதுல தப்பிருந்தாத் திருத்திப்போடுங்க. அப்படியே கடைசியில நடிச்சவங்க பேர் படிக்கறப்ப மோர் குடுத்தது யாருன்னு சொல்றாங்க பாருங்க, அதுவும் சரியா இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க. எதிர்ஊட்டம்மா பேரைச் சொல்லியிருந்தா அதைத்தான் மொதல்ல மாத்தோணும்.